கிருமிக்கும் விசாரணை உண்டு

செத்துப்போன பன்னிக்குட்டியின் குடலை ஐஸ் பெட்டியில் போட்டு மடிமேல் வைத்துக்கொண்டு மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூருக்கு பஸ்ஸில் போனேன். வடுவூர் தாண்டும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா கேட்டார். "மீனா தம்பி?" "ஆமாங்க" என்றேன். மேடை ஏறினால் பன்றிக்கறி எங்கள் பண்பாடு என்று முழங்குகிறவன், முப்பத்திச் சொச்சம் கிலோமீட்டர் தூரத்துக்கு அதை மீனாக்கிவிட்டேன். அந்தப் பொய்யை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

எங்கள் அத்தைக்கு நான்கு தாய்ப்பன்னிகள். பண்ணையில் தீவனம் போட்டு வளர்க்கிற வெண்பன்றி இல்லை, நாட்டுக் கருப்பு. நடவுக்கு மிஷின், அறுப்புக்கு மிஷின், களைக்கு மருந்து என்று ஆகிவிட்ட இந்த டெல்டாவில், தாலியறுத்த ஒரு பொம்பளை கையில் காசு புரள வேண்டுமென்றால் பன்னிதான் வழி. "பேங்கு புத்தகத்துல இருக்குற காசு பொய்யிடா தம்பி, பன்னி வவுத்துல இருக்குறதுதான் நெசம்" என்பார். ஒரு ஐப்பசி அடைமழையில், பால் மறந்த குட்டிகள் பதினேழும் தண்ணீராய்ப் பேதியாக ஆரம்பித்தன. நான்கே நாளில் பதினொன்று செத்தன. அதே வாரம் ஊர்த்தெருவில் மூன்று பிள்ளைகளுக்கு வாந்தி பேதி. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிப் பிழைத்துக்கொண்டார்கள். பிழைத்தது நல்லது. ஆனால் பிள்ளைகள் வீடு திரும்புவதற்குள் தீர்ப்பு சொல்லியாகிவிட்டது. காலனியில் ஒரு பன்னி இருக்கக்கூடாது.

யாரும் சாதி என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. சுகாதாரம் என்றார்கள். எங்கள் அப்பாயி காலத்தில் தீட்டு என்றார்கள். இப்போது சுகாதாரம். வார்த்தை படித்திருக்கிறது. ஆட்கள் படித்ததாகத் தெரியவில்லை.

நான் தமிழ் எம்.ஏ. குடலுக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம் பசி மட்டும்தான். ஆனாலும் ஒரு பிடிவாதம் வந்தது. பன்னிதான் காரணம் என்றால் அதைச் சோதித்துப் பார்த்துவிடுவோமே! ஆய்வுக்கூடத்தில் இருந்த கால்நடை டாக்டர் ஒரு பெண். சின்ன வயசு. போனிலேயே சொல்லித் தந்தார். சாகும் தறுவாயில் இருக்கிற குட்டியோ இப்போதுதான் செத்த குட்டியோ வேண்டும். சிறுகுடலில் ஒரு சாண் நீளம், ரெண்டு முனையையும் நூலால் கட்டி, ஐஸில் வைத்து, சில மணி நேரத்துக்குள் வந்து சேர வேண்டும். "நேரமாச்சுன்னா பிரயோஜனமில்ல சார். செத்த ஒடம்புல எல்லாக் கிருமியும் பெருகிடும். கொன்னது யாரு, கொன்னப்பறம் வந்தது யாருன்னு எங்களால பிரிக்க முடியாது." கலவரம் நடந்த சேரிக்கு மறுநாள் வருகிற கார் வரிசை ஞாபகத்துக்கு வந்தது. அதைப் போனில் சொல்லவில்லை. இன்னொன்றும் கேட்டார்: மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டீர்களா? போட்டிருந்தால் கிருமி பாதி செத்திருக்கும், முளைக்காது. அத்தை கிடைத்ததையெல்லாம் எல்லாக் குட்டிக்கும் கரைத்து ஊற்றியிருந்தார். ஒரே ஒரு குட்டி துப்பிவிட்டது. அதன் குடல்தான் என் மடியில் இருந்தது.

அங்கே நான் பார்த்ததைச் சொல்கிறேன். குடலின் உள்பக்கத்தைச் சுரண்டி, செம்மறி ரத்தம் கலந்த கூழ்த்தட்டு ஒன்றில் கம்பியால் கோடு கோடாய் இழுத்தார்கள். மெக்கான்கி என்று இன்னொரு தட்டு. உடம்புச் சூட்டில், 37 டிகிரியில், ஒரு ராத்திரி. மறுநாள் மெக்கான்கி தட்டில் ரோஸ் நிறத்தில் பொட்டுப் பொட்டாய் முளைத்திருந்தது. "ஈ.கோலை" என்றார் டாக்டர். நான் பதறிப்போய், "அப்ப அதான் காரணமா?" என்றேன். அவர் சிரித்தார். "இது எல்லாக் குடல்லயும் இருக்கு சார். உங்க குடல்ல, என் குடல்ல, கலெக்டர் குடல்ல. இருக்குங்குறது ஒரு செய்தியே இல்ல."

இருக்குங்குறது ஒரு செய்தியே இல்லை. இந்த வாக்கியத்தை நான் ஊருக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

1885-ல் தியோடர் எஷெரிக் என்ற குழந்தை டாக்டர் பச்சைப் பிள்ளைகளின் மலத்திலிருந்து இந்தக் கிருமியைப் பிரித்து எழுதிவைத்தார். பெரும்பாலான ஈ.கோலை எந்தப் பாவமும் அறியாதது. சில வகைகளுக்கு மட்டும் மேலெல்லாம் மயிர் போன்ற பிடிகள் உண்டு. எஃப்-4, எஃப்-18 என்று எண் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பிடியால் குட்டியின் சிறுகுடல் சுவரைப் பற்றிக்கொண்டு நஞ்சைக் கக்கும். குடல் உடம்பிலிருக்கிற தண்ணீரையெல்லாம் உள்ளே கொட்டும். தாய்ப்பாலில் வந்துகொண்டிருந்த காப்பு பால் மறந்ததும் நின்றுபோவதால், அந்த வாரங்களில்தான் சாவு அதிகம். இதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எஃப்-4 பற்றிக்கொள்வதற்கு ஏற்ற இடம் சில குட்டிகளின் குடலில் பிறவியிலேயே இருக்காது. அவற்றின் வயிற்றில் கிருமி இருந்தாலும் நோய் வராது. பன்னிக் குடலைப் பிடிக்கிற அந்தக் கொக்கி மனிதக் குடலுக்கு வெட்டப்பட்டதும் அல்ல. மனிதனைப் பிடிக்கிற ஈ.கோலைக்குக் கொக்கி வேறு.

ஆகவே டாக்டர் ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்வி கேட்டார். ரத்தத்தட்டில் பொட்டைச் சுற்றி வெளுத்திருக்கிறதா? வெளுத்திருந்தால் அது ரத்த அணுவை உடைக்கிற வகை. குட்டிகளுக்கு நோய் தருவது பெரும்பாலும் அந்த வகை. ஆனால் அது மட்டும் போதாது. சிறுகுடலில் வேறு எதுவும் இல்லாமல் இதுவே மண்டியிருக்கிறதா? சால்மொனெல்லா இருக்கிறதா? பெருங்குடலில் புண் உண்டா, சீதமும் ரத்தமும் உண்டா? இதற்கும் மேலே போனால், கொக்கிக்கும் நஞ்சுக்குமான மரபணு இருக்கிறதா என்று பி.சி.ஆர் செய்து பார்க்க வேண்டும். ஒரு கிருமியைக் கொலைகாரன் என்று எழுதுவதற்கு முன்னால் இத்தனை படி. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். ஒரு மனுசனைச் சொல்வதற்கு எங்கள் ஊரில் ஒரு படிகூடக் கிடையாது.

இந்தப் படிகளைக் கட்டியவர்களில் பெரியவர் ராபர்ட் கோக். நோயாளி உடம்பில் கிருமி இருக்க வேண்டும், அதைத் தனியே பிரித்து வளர்க்க வேண்டும், வளர்த்ததை நல்ல உடம்பில் செலுத்தினால் அதே நோய் வர வேண்டும், அங்கிருந்து அதே கிருமியைத் திரும்ப எடுக்க வேண்டும். இவ்வளவும் ஆன பிறகுதான் காரணம் என்று சொல்லலாம். 1884-ல் காலராவைத் தேடி அவர் கல்கத்தாவில் இருந்தார். செத்தவர்களின் குடலை மட்டும் அவர் பார்க்கவில்லை. அவர்கள் குடித்த, குளித்த குளத்துத் தண்ணீரையும் எடுத்துப் பார்த்தார். கிருமி அங்கே இருந்தது. இந்தக் குளத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

படிகளைத் தாண்டிக் குதித்தால் என்ன ஆகும் என்பதற்கும் பன்னியே சாட்சி. 1885-ல் அமெரிக்காவில் பன்னிகள் கொள்ளைநோயில் மந்தை மந்தையாய்ச் செத்துக்கொண்டிருந்தன. அரசாங்க ஆய்வாளர் தியோபால்ட் ஸ்மித் செத்த பன்னிகளிலிருந்து ஒரு கிருமியைப் பிரித்தார். இதுதான் காரணம் என்றார்கள். 1900-ல் அந்தக் கிருமி இனத்துக்கு ஸ்மித்தின் மேலதிகாரி டேனியல் சால்மன் பெயரை வைத்தார்கள். சால்மொனெல்லா வந்த கதை இதுதான். உழுதவன் ஒருவன், பட்டாவில் பேர் இன்னொருவன். தஞ்சாவூர்க்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1903-ல் பார்த்தால், அந்தக் கொள்ளைநோய்க்குக் காரணம் வேறு. கிருமிகளையெல்லாம் வடிகட்டி எறிந்த பிறகு மிச்சமிருந்த நீரே நோயைக் கொடுத்தது. அது ஒரு வைரஸ். சால்மொனெல்லா முழு அப்பாவியும் அல்ல, தனியாகவும் நோய் தரும். ஆனால் அந்தச் சாவுகளுக்கு அது பொறுப்பில்லை. பிணத்தருகே நின்றதால் பிடிபட்டது.

பன்னிச் சீதபேதியின் கதை இன்னும் விசேஷம். 1921-ல் அந்த நோயை எழுதிவைத்தார்கள். 1944-ல் விப்ரியோ வகைக் கிருமி ஒன்றுதான் செய்தது என்றார்கள். கால் நூற்றாண்டுக்கு மேல் அது பழி சுமந்தது. 1971-லும் 72-லும்தான் உண்மையான ஆள் அகப்பட்டது. திருகுபோல் சுருண்டு நெளிகிற ஒரு கிருமி. காற்றில்லாத இடத்தில்தான் வளரும். இன்று அதன் பெயர் பிராக்கிஸ்பைரா ஹையோடிசென்டீரியே. பிடித்தாகிவிட்டது என்று விட்டிருக்கலாம். விடவில்லை. ஏனென்றால் நோயே இல்லாத பன்னிகளின் பெருங்குடலிலும் அதே திருகு, அதே நெளிவு, அதே அளவில் ஒன்று இருந்தது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். தனித்தனியே வளர்த்தார்கள். ஒன்று ரத்தத்தட்டை நன்றாக வெளுக்கவைத்தது, மற்றது லேசாக. ஒன்று நோய் தந்தது, மற்றது தரவில்லை. 1979-ல் அந்த இரண்டாவதற்குப் பெயர் வைத்தார்கள்: இன்னொசென்ஸ். லத்தீனில் குற்றமற்றது, தீங்கு செய்யாதது என்று அர்த்தம்.

கண்ணுக்குத் தெரியாத ஒரு குடல் கிருமிக்கு, அதுவும் பன்னிக் குடல் கிருமிக்கு, நிரபராதி என்று பேர் வைத்து விடுதலை செய்திருக்கிறார்கள். இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பட்டியலில் எங்கள் சாதிக்கு எத்தனையோ பெயர். இப்படி ஒரு பெயர் இல்லை.

தோழர்கள் சிலர் கோபப்படலாம். நம்மைப் போய்க் கிருமியோடு ஒப்பிடுவதா? ஒப்பிட்டது நான் இல்லை. கிணற்றில் நம் வாளி விழுந்தால் தண்ணீர் கெட்டுப்போகும் என்று சொன்னவன் நம்மைக் கிருமி என்றுதான் சொன்னான், கிருமி என்ற சொல் அவனுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே. நான் கேட்பது வேறு. கிருமி என்றே வைத்துக்கொள், கிருமிக்குக் கொடுக்கிற விசாரணையையாவது கொடு. அண்ணல் அம்பேத்கர் 1948-ல் வெளியான தீண்டத்தகாதவர்கள் பற்றிய நூலில் செய்த வேலையும் கிட்டத்தட்ட இந்த டாக்டரம்மா செய்த வேலைதான். அசுத்தம் வேறு, தீண்டாமை வேறு. இரண்டும் ஒரே காலத்தில் தோன்றியவை அல்ல, ஒன்று மற்றதற்குக் காரணமும் அல்ல என்று பிரித்துக் காட்டினார். சேர்ந்தே கிடக்கிறது என்பதற்காக ஒன்றை இன்னொன்றின் காரணமாக்காதே என்பது அவர் வாதத்தின் முதுகெலும்பு.

பன்னியிலிருந்து மனுசனுக்கு எதுவுமே வராது என்று நான் சொல்லவில்லை. சால்மொனெல்லா வரும், வேறு சிலவும் வரும். அதனால்தான் சோதிக்கச் சொல்கிறேன். நாடாப்புழுவை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிக்கறி தின்கிறவனுக்கு மூளையில் பூச்சி என்று கேலி பேசுவார்கள். வளர்ந்த புழு குடியிருப்பது மனுசக் குடலில் மட்டும். மனுசப் பீயில் இருக்கிற முட்டையைத் தின்றுதான் பன்னிக்கு அது வருகிறது. மூளையில் கட்டி வருவதும் அந்த முட்டையால்தான். கீரையில், தண்ணீரில், கழுவாத கையில் ஒட்டிக்கொண்டு வரும். கறியையே தொடாத சைவத் தலையிலும் அது உட்காரும். ஆக, யார் யாருக்குக் கொடுத்தது?

2009-ல் எச்1என்1 காய்ச்சல் வந்தபோது பன்றிக்காய்ச்சல் என்று பேர் பரவியது. எகிப்து அரசு ஏப்ரல் கடைசியில் நாட்டிலிருந்த பன்னிகளையெல்லாம், சுமார் மூன்று லட்சம், கொல்ல உத்தரவு போட்டது. அப்போது அந்த நாட்டில் ஒருவருக்கும் அந்தக் காய்ச்சல் இல்லை. பன்னியைக் கொன்றால் நோய் நிற்காது என்று உலக நிறுவனங்களே சொல்லின. வளர்த்தவர்கள் கெய்ரோவின் குப்பையை அள்ளுகிறவர்கள், பெரும்பாலும் கோப்டிக் கிறிஸ்தவர்கள், அங்கே சிறுபான்மை. ஊர்ச் சோற்று மிச்சத்தைத் தின்று தீர்த்த பன்னிகள் போனதும் கெய்ரோ தெருக்களில் குப்பை நாறியது. நைல் டெல்டாவும் காவிரி டெல்டாவும் இந்த விஷயத்தில் பங்காளிகள்தான்.

எங்கள் டெல்டாவுக்கே வருகிறேன். மாட்டுச் சாணியைத் தண்ணீரில் கரைத்துப் பண்ணையாளின் வாயில் ஊற்றிய மண் இது. சாணிப்பால் என்று அதற்குப் பேர். பால்! சவுக்கடியும் சாணிப்பாலும் 1940-களில் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் சேரிக்குள் வந்து சங்கம் கட்டிய பிறகுதான் ஒடுங்கின. ஒரு மாட்டின் குடலிலிருந்து வந்ததை ஒரு மனுசன் குடலுக்குள் செலுத்தியவர்களுக்கு அன்று சுகாதாரம் பற்றி ஒரு சந்தேகமும் வரவில்லை. அதைக் குடித்தவர்களுக்கு எத்தனை நாள் பேதியானது, எத்தனை பேர் செத்தார்கள் என்று எந்த ஆய்வுக்கூடத்திலும் ஏடு இல்லை. எங்கள் அப்பாயியின் அப்பா குடித்திருக்கிறார். "வவுத்துவலி அவர விடவே இல்ல" என்று மட்டும் குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு.

இங்கேதான் எனக்கு ஆய்வுக்கூடத்தின் மேலும் ஒரு கேள்வி வருகிறது. டாக்டரம்மா நேர்மையாகச் சோதித்தார். ஆனால் அவர் சோதித்தது நான் கொண்டுபோனதை. எதைக் கொண்டுபோவது, யாருடையதைக் கொண்டுபோவது என்று தீர்மானிப்பது ஆய்வுக்கூடம் இல்லை. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கிடந்தது. பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போய், தண்ணீரைப் பாருங்கள் என்று சொன்ன பிறகுதான் தொட்டிமேல் ஏறிப் பார்த்தார்கள். விசாரணை சி.பி.சி.ஐ.டி-க்குப் போனது. டி.என்.ஏ சோதனைக்கு என்று முதலில் ரத்தம் கேட்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் அந்தத் தண்ணீரைக் குடித்த தலித்துகள். பலர் கொடுக்க மறுத்தார்கள். 2025 ஜனவரியில் வந்த குற்றப்பத்திரிகையில் இருந்த மூன்று பெயர்களும் அந்தத் தலித் மக்களுடையவை. நாங்கள் குடிக்கிற தண்ணீரில் நாங்களே போட்டுக்கொள்வோமா என்று அவர்கள் சி.பி.ஐ விசாரணை கேட்டார்கள். நான் நீதிபதி இல்லை. ஆனால் கருவி எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் அது யார் கையில் முதலில் குத்துகிறது என்பதில் சாதி இருக்கிறது. இதைச் சொல்ல எனக்கு நீதிபதி ஆக வேண்டியதில்லை.

எங்கள் அறிக்கை வந்தது. ஒரு பக்கம். சிறுகுடலில் ரத்த அணுவை உடைக்கும் வகை ஈ.கோலை, மண்டிய வளர்ச்சி, சால்மொனெல்லா காணப்படவில்லை, எந்த மருந்துக்குக் கேட்கும், எதற்குக் கேட்காது என்று கீழே ஒரு பட்டியல். பால் மறந்த குட்டிகளுக்கு வருகிற பேதியாகத் தெரிகிறது, ஊர்ப் பிள்ளைகளுக்கு இதிலிருந்து வந்ததாகச் சொல்ல இதில் ஒன்றுமில்லை என்று டாக்டரம்மா வாயால் சொன்னார். கொட்டிலைக் காயவைக்கவும், பாலைப் படிப்படியாக மறக்கடிக்கவும், குட்டிகளைக் குளிரில் விடாமல் வைக்கோல் போட்டுவைக்கவும் அத்தைக்குச் சொல்லி அனுப்பினார். அப்படிச் செய்ததில் மிச்சமிருந்த ஆறில் ஐந்து தேறின.

அறிக்கையை எடுத்துக்கொண்டு ஊர்க்கூட்டத்துக்குப் போனேன். ஒருவர் வாங்கிக் கண்ணாடி போட்டுப் படித்தார். நான் படிபடியாய் விளக்கத் தயாராக இருந்தேன். கோக், ஸ்மித், இன்னொசென்ஸ் எல்லாம் நாக்கு நுனியில். அவர் நிமிர்ந்து பார்த்து, "பன்னி வயித்துல கிருமி இருக்குன்னு இதுலயே போட்டிருக்கேப்பா" என்றார். கூட்டம் தலையாட்டியது. நான் கொண்டுபோன காகிதமே எங்களுக்கு எதிரான சாட்சியாக ஆகிவிட்டது.

அப்போது வாசலில் நின்ற அத்தைதான் கேட்டார். கூட்டத்தில் அவருக்கு உட்கார இடமில்லை. "சரிங்க. எம்பன்னி வவுத்தக் கீறிப் பாத்தாச்சு. புள்ளைங்க குளிச்ச கொளத்துத் தண்ணியப் பாத்தீங்களா? ஊட்டுக் கொழாத் தண்ணியப் பாத்தீங்களா? புள்ளைங்க வெளிக்குப் போனத யாராச்சும் கொண்டுபோயிக் குடுத்தீங்களா?"

பதில் இல்லை. ஊர்த்தெருக் கழிவுக்கால்வாய் எந்தக் குளத்தில் முடிகிறது என்று அங்கே உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரியும். படித்துக்கொண்டிருந்தவர் கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டார். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. பன்னிகளைப் பற்றி அதற்குப் பிறகு எந்த முடிவும் எழுதப்படவில்லை. அகற்றச் சொல்லியும் எழுதவில்லை, இருக்கலாம் என்றும் எழுதவில்லை. தை மாதம் ஒரு தாய்ப்பன்னி வயலோரம் வாயில் நுரை தள்ளிச் செத்துக் கிடந்தது. அதன் குடலையும் எடுத்துப் போகலாமா என்று கேட்டேன். "வெசம் வச்சவனக் கண்டுபுடிக்க மிஷினு இருக்காடா?" என்றார் அத்தை.

தண்ணீரைச் சோதிக்க டாக்டரம்மா சொல்லி இரண்டு பாட்டில் வாங்கினேன், கிருமி நீக்கி மூடி முத்திரை போட்டது. ஒன்றில் எங்கள் காலனி அடிபம்புத் தண்ணீரைப் பிடித்துக் கொடுத்துவிட்டேன். இன்னொன்று ஊர்க் குளத்துக்கு. குளத்துக் கரையில் நாங்கள் இறங்குகிற படி ஒன்றும் கிடையாது. பாட்டில் முத்திரை உடையாமல் என் புத்தக அலமாரியில் இருக்கிறது. மூன்று தரம் எடுத்துக்கொண்டு போய், கரையில் ஆள் இருந்ததால் திரும்பிவிட்டேன். மூன்றாவது தரம் ஒருவர், "பையில என்ன?" என்று கேட்டார். மீன் என்று சொல்லவில்லை. பாட்டில் என்றேன். "எதுக்கு?" என்றார்.